பாலாவியில் ஒரு ஃபைல்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்பிட்டிப் பாதையோரக் குடியிருப்பு ஒன்றுக்குள் நுழைகிறேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். கிடுகுக் கொட்டில்கள் நின்ற இடங்களில் இன்று கல்வீடுகள்.

அப்படியொரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவரை எல்லோரும் 'ராத்தா' என்கிறார்கள். சட்டம் படித்தவர் அல்ல. ஊர்ப் பெண்களின் வழக்குகளுக்குத் துணை போய்ப் போய்ச் சட்டம் பழகியவர். வடக்கிலிருந்து வந்த பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஜுவைரியா மொஹிதீன் போன்றோர் இந்த ஊரில் போட்டுவைத்த பாதை அது.

மடியிலிருந்த ஃபைலை ராத்தா திறக்கிறார். ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசியில் ஒரு கட்டுப் பால்மா பில்.

"பில் எதுக்கு ராத்தா?"

"தாபரிப்பு எவ்வளவு வேணுமென்டு காதியார் கேட்டா அழுதா காட்டேலும்? இதைத்தான் காட்டணும்."

அடுத்தது நிக்காஹ் பதிவின் பிரதி. மாப்பிள்ளை கையெழுத்திட்டிருக்கிறார், வலி (பொறுப்பாளர்) என்ற முறையில் பெண்ணின் வாப்பாவும் இட்டிருக்கிறார். மணமகள் கையெழுத்திட இடமே இல்லை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஏற்பாடு அது. கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்டத் தேவையில்லை. அடி தாங்காமல் மனைவி பஸஹ் விவாகரத்துக் கேட்டாலோ சாட்சி வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அடித்ததற்கு யார் சாட்சி? சட்டத்தைத் திருத்த 2009இல் அமைத்த சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுத்தது 2018இல். அதற்குப் பிறகும் இழுபறிதான்.

அடியை நிறுத்தக் காதி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்துக்கும் பொது. நீதவான் நீதிமன்றத்தில் முதலில் 14 நாள் இடைக்காலக் கட்டளை பெறலாம். விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். ஆலோசனைக்கு 1938ஐ அழைக்கலாம்.

ஓரத்தில் இருந்த இளம்பெண் மெதுவாகக் கேட்கிறாள்: "கோட்டுக்குப் போனா குடும்பம் பிரிஞ்சிடாதா?"

"கட்டளையால நிக்காஹ் முறியாது மகள். ஓங்குற கைதான் நிக்கணும்."

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகி ஒருவரைச் சந்தித்தேன். சண்டை என்று வரும் பெண்ணிடம் "சபுர் செய்ங்க" என்று பொறுமை சொல்லி அனுப்புவதுதான் வழக்கமாம். நபிகளார் எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததில்லை என்ற ஆயிஷா நாயகியின் அறிவிப்பை நினைவூட்டினேன். "ஹதீஸ் தெரியும் தம்பி. ஜும்ஆவில சொன்னா, யாரைக் குத்திப் பேசுறீங்கன்டு சண்டைக்கு வருவாங்க" என்றார்.

அவர் சங்கடம் புரிகிறது. ஆனால் சபுரை அடி வாங்குகிறவளிடம் மட்டும் கேட்டால் குடும்பம் நிலைக்காது. அடிக்கிறவனுக்குத்தான் துணிச்சல் வரும். அடி விழுந்த பிறகு சொன்னால்தானே குத்திப் பேசுவதாகும்? நிக்காஹ் எழுத வரும் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அந்த ஹதீஸைச் சொல்லலாமே. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அன்றைக்கே பதிவின் பிரதி ஒன்றை மணமகள் கையிலும் கொடுத்துவிடலாம். இரண்டுக்கும் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிர்வாக சபையின் ஒரு கூட்டம் போதும்.