திங்கட்கிழமை ஆவி

எங்கள் வீட்டில் ஆவி பிடிப்பது திங்கட்கிழமைகளில்தான். முதல் ஷிஃப்ட் முடிந்து மில் பஸ்ஸில் இறங்கி அப்பா நடந்து வரும்போதே அப்பத்தா நொச்சித் தழையைக் கொதிக்கப் போட்டிருக்கும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை மூடிக்கொண்டு, பானைக்கு நேரே முகத்தைக் குனிந்து வைப்பார். போர்வைக்குள்ளிருந்து பழைய சைக்கிள் பம்பை அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வரும்.

செவ்வாய் கொஞ்சம் தேவலாம். வெள்ளி, சனிக்குள் ஆள் சாதாரணமாகிவிடுவார். ஞாயிறு பூசையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நல்ல குரலில் பாடுவார். திங்கள் மறுபடியும் பானை. "ஞாயித்துக்கெழம கறி தின்னா திங்கக்கெழம நெஞ்சு கட்டத்தான செய்யும்" என்பது அப்பத்தாவின் மருத்துவ முடிவு. அதனால் சில மாதங்கள் எங்கள் யாருக்குமே ஞாயிற்றுக்கிழமை கறி கிடைக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், தூய ஆவியார் நமக்குள் இறங்குவார் என்று சொன்னபோது எனக்கு நொச்சி வாசனைதான் வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு வேறு பயம். அவன் தெருப் புளியமரத்தில் இருப்பதும் ஆவிதான். சிஸ்டர் பாவம், நல்ல ஆவி, கெட்ட ஆவி என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தார். இட்லிச் சட்டியில் வருவது எந்த ஆவி என்று ஒருத்தி கேட்டதோடு வகுப்பு முடிந்தது.

அப்பத்தாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சிலுவை போடும்போது அது சொல்வது "இஸ்பிரீத்து சாந்து". போர்த்துகீசியரோடு வந்து, கத்தோலிக்கப் பாட்டிகளின் வாயில் தங்கிவிட்ட சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "அது சாமி பேருடா, அதுக்கென்ன அர்த்தம்" என்று முடித்துவிடும்.

அர்த்தம் இருக்கிறது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. எபிரேயத்தில் ரூவாக் என்ற ஒரே சொல்தான் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும். கிரேக்கத்தில் ப்னூமாவும் அப்படியே. லத்தீனில் ஸ்பிரிடுஸ் என்பது மூச்சுவிடுதல் என்ற வினையிலிருந்து வந்தது. அப்பத்தாவின் இஸ்பிரீத்து அதற்குப் பேத்தி முறை. யோவான் நற்செய்தியில் நிக்கதேம் யாருக்கும் தெரியாமல் இரவில் வந்து இயேசுவிடம் பேசுகிற இடம் ஒன்று உண்டு. காற்று தன் இஷ்டத்துக்கு வீசுகிறது, ஆவியால் பிறந்தவனும் அப்படித்தான் என்று அங்கே பதில் வருகிறது. மூலத்தில் காற்று, ஆவி இரண்டுமே ப்னூமா. ஒரே வசனத்துக்குள் மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டாக உடைக்க வேண்டியிருக்கிறது. காற்று ஆவிக்கு ஓர் உவமை என்று பிரசங்கங்களில் கேட்டே வளர்ந்தவன் நான். அது உவமையே இல்லை, அந்த மொழிகளில் இரண்டும் ஒன்று என்பது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

தமிழ் ஆவியும் மோசமில்லை. அதில் மூச்சு இருக்கிறது, உயிர் இருக்கிறது, கொதிக்கிற பானை இருக்கிறது. காற்றுதான் நேரடியாக இல்லை. தொப்பம்பட்டிக்காரர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. காற்று எங்களுக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30, 40 கிலோமீட்டருக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் புகுந்து உடுமலை, தாராபுரம் பக்கமாக வந்து, பழனிக்கு வடக்கே எங்கள் சமவெளியிலும் அடிக்கும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரை. ஆடியில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை, அஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து பார்த்திருக்கிறேன். இந்தக் காற்றை நம்பித்தான் மேற்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல தங்கள் கரண்டுக்காகத் தாங்களே நிறுத்தியவை அதில் நிறைய.

அப்பா வேலை பார்த்ததும் ஒரு நூற்பாலையில்தான். பதினெட்டு வயதில் ரிங் ஃபிரேமில் நியூமாஃபில் பெட்டியைக் காலி செய்கிற வேலையில் சேர்ந்தார். நூற்கும்போது அறுகிற இழைகளைக் காற்றால் உறிஞ்சி எடுக்கிற அமைப்புக்கு அந்தப் பெயர். அதிலும் ப்னூமா இருக்கிறது. பிறகு புளோ ரூம். பேல் பேலாக இறுகி வருகிற பஞ்சை உடைத்து, குழாய்களில் காற்றால் ஊதி, தூசியைப் பிரிக்கிற இடம். பிரிந்த தூசியில் கொஞ்சம் யார் நெஞ்சுக்குள்ளாவது போகத்தான் செய்யும். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா அங்கே 26 வருஷம் இருந்தார்.

பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஆஸ்துமா என்றே எழுதினார்கள். "பீடி குடிப்பீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அப்பா பீடியைத் தொட்டதில்லை. பிசினோசிஸ் என்ற பெயரை நானாகத்தான் ஒரு ராத்திரி லேப்டாப்பில் கண்டுபிடித்தேன். பஞ்சுத் தூசியால் வருவது. ஆரம்பத்தில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் நெஞ்சு இறுகும். வாரம் போகப்போகக் குறையும். வருஷங்கள் போனால் எல்லா நாளும் இறுகும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் அட்டவணையில் இது இருந்தது. அப்பாவுக்கு யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. அப்பத்தா கறியைக் குற்றம் சொன்னது. கிழமையையாவது அது சரியாகக் கவனித்திருந்தது.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். காற்றில் உங்களைக் கொன்றார்கள், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய் காற்றே வா, மூச்சே வா என்று பாடிக்கொண்டிருந்தீர்கள் என்று. அப்பா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"காத்து இல்லேன்னா பஞ்சு பிரியாதுல்லடா" என்றார்.

அவ்வளவுதான். மெஷினைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. என் இன்ஜினியரிங் ஃபீஸ் அந்தத் தூசியில்தான் இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசி மே மாதம் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். ராத்திரி முழுக்க உஸ்ஸென்று ஓடும். கடவுளைப் பார்க்க மலையில் நின்ற எலியாவுக்கு, பாறையைப் பிளக்கிற காற்றில் கடவுள் இல்லை, எல்லாம் அடங்கியபின் வந்த மெல்லிய சத்தத்தில் இருந்தார் என்று வாசித்திருக்கிறேன். அந்த உஸ்ஸில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். விரலில் மாட்டிய கருவியில் 88 காட்டும், 86 காட்டும். வெளியே முருங்கை இலை அசையவில்லை. காற்றுக்காலம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது.

ஃபாதர் வந்து நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் விடியற்காலை. ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்காக நானும் அம்மாவும் காத்திருந்தோம். மெஷின் மட்டும் மூக்கில் ஊதிக்கொண்டே இருந்தது. மண்ணைப் பிசைந்து உருவம் செய்து அதன் நாசியில் கடவுள் ஊதினார் என்று தொடக்க நூலில் வருகிறதே, அதைத் திருப்பி ஓட்டியது மாதிரி இருந்தது. ஊதி ஊதி ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அம்மாதான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தது.

ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் தூய ஆவியார் பெருவிழா. அந்த வருஷம் ஜூனில் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். கோயிலுக்குள் மேற்கிலிருந்து முதல் காற்று புழுதியோடு வந்துவிட்டது. பாட்டுத் தாள்கள் பறந்தன, பீடத்தில் மெழுகுதிரி அணைந்தது. உபதேசியார் அவசரமாக ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். எல்லாம் சாத்திய பிறகு ஃபாதர், சீடர்கள் இருந்த வீடு முழுக்கப் பெருங்காற்றின் இரைச்சல் நிறைந்ததைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். உள்ளே புழுங்கியது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய் மேற்குப் பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்தேன். உபதேசியார் வந்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி சாத்தினார்.