மேடை கட்டும் முன் ஒரு வார்த்தை



நம் பள்ளிக்கு மேடை கட்டித் தரப்போகிறீர்கள் என்ற செய்தியையும் வரைபடத்தையும் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். தரையிலிருந்து 4 அடி உயரம், முன்பக்கம் இரண்டு தூண், இரும்பு ஷட்டர், நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் பொறித்த கிரானைட் பலகை. “சார், உங்க கருத்து என்ன?” என்று கேட்டிருந்தீர்கள். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்த மைதானத்தில் 31 வருடம் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டவன் நான். கான்கிரீட் கொட்டிய பிறகு பேசி என்ன பயன்? அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மேடையை நாற்காலி, மேசை மாதிரி ஒரு சாமானாக நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மேடை எப்படியோ நாடகம் அப்படி. என்ன கதையை நடிக்கலாம், எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும், பார்ப்பவன் அழுவானா கைதட்டுவானா என்பதில் பாதியை மேடைதான் முடிவு செய்கிறது. இதைத் தெரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டாம். நம் வடசென்னையே எல்லா வகையையும் பார்த்திருக்கிறது.

முதலில் கூத்து. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. தெருவோ திடலோ, தரைதான் களம். பின்னால் ஒரு பெஞ்சில் ஹார்மோனியம், மத்தளம், முகவீணை, பின்பாட்டுக்காரர்கள். மற்ற மூன்று பக்கமும் ஜனம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள், அதுதான் திரை. அதன் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முழு வேடமும் வெளியே வருவதற்குள் குழந்தைகள் அம்மா மடிக்குள் போய்விடும். நடுவில் கட்டியங்காரன் நம்மோடும் பேசுவான், துரியோதனனோடும் பேசுவான். யாராவது பத்து ரூபாய் கொடுத்தால் கதையை நிறுத்திவிட்டு அவர் பெயரைச் சொல்வான். யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் தெருவில் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்தார்கள். இழவு வீட்டில் நாடகமா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். வடதமிழ்நாட்டில் இது பழைய வழக்கம். போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் வாக்குவாதம் அதில் நீளமாக வரும். பிறப்பு தெரியாதவன் என்று அவனை ஒதுக்கிவைத்தவள் அவள். அன்றைக்குத்தான் அவனுக்காக அழுகிறாள். செத்தவரின் மூத்த மகன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கர்ணன் விழுந்த இடத்துக்கும் அவனுக்கும் 3 அடிதான் இருக்கும். பதினைந்து நாளாக வாய்விட்டு அழாத பையன் அன்றைக்கு அழுதான். அவல நாடகம் பார்ப்பவனின் மனத்திலுள்ள இரக்கத்தையும் அச்சத்தையும் வடியச் செய்யும் என்று அரிஸ்டாட்டில் எழுதியதை நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தெருவில்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். அதே கர்ணன் 4 அடி உயரத்தில், 20 அடி தள்ளி விழுந்திருந்தால் அவன் அழுதிருப்பானா? எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது வால்டாக்ஸ் ரோடு. ஒற்றைவாடைத் தியேட்டர் என்றால் நாடகம் என்று அர்த்தமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ராயபுரத்திலிருந்து நடந்தே போய் நாடகம் பார்த்துவிட்டு நடந்தே திரும்பியவர்கள் நம் தாத்தா தலைமுறையில் இருந்தார்கள். அது படச்சட்டம் போட்ட மாதிரியான மேடை. ஒரு பக்கம் மட்டும் திறப்பு, எதிரே வரிசையாக ஜனம். பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து வந்த பழக்கத்தில் தர்பார், காடு, தெரு என்று வரைந்த படுதாக்கள் ஏறி இறங்கும். சட்டம் போட்டுவிட்டால் அதற்குள் காட்ட வேடிக்கை வேண்டும், அதனால் புராண நாடகம் கொடிகட்டிப் பறந்தது. நவாப் ராஜமாணிக்கம் தந்திரக் காட்சிகளுக்கே பெயர் வாங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களில் பாட்டுக்கு மேல் பாட்டு. மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்கு வசனத்தைவிட உச்ச சுருதியில் பாடும் பாட்டுத்தான் போய்ச் சேரும். எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பாடித்தான் புகழ் பெற்றார், 1933இல் 27 வயதிலேயே போய்விட்டார். அந்தப் பக்கம் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் வக்கீல்களும் மேடையேறலாம் என்று காட்டினார். அவர் நாடகங்களில் உரைநடை வசனத்துக்கு மதிப்பு வந்தது.

சட்டம் போட்ட மேடைக்கும் வெளியே கை நீட்டத் தெரிந்த நடிகர்கள் இருந்தார்கள். விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணம் நாடகத்தில், தினைப்புனத்தில் கொக்கு விரட்டும் பாட்டை வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாக மாற்றிவிட்டார். கொக்கு வெள்ளை, ஆளும் வெள்ளை, ஜனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பல தடவை சிறை. 1940இல் நம் சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போனது. சுதந்திரம் வந்த பிறகும் நாடகத்துக்குப் பயப்படுவது நிற்கவில்லை. 1954இல் நம் மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதுவரை போலீஸ் கேட்டால் கதையைக் காட்ட வேண்டிய நிலைமை.

மூன்றாவது, ஆலை வாசல். உங்களில் பலருடைய அப்பாக்கள் எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆலைகளில் ஷிப்ட் பார்த்தவர்கள். ஒரு ஷிப்ட் முடிந்து இன்னொன்று உள்ளே போகும் இடைவெளியில், கேட்டுக்கு முன்னால், ஒரு பறையை அடித்து வட்டம் கூட்டி வீதி நாடகம் போடுவார்கள். 20 நிமிடத்தில் முடிய வேண்டும். படுதா இல்லை, விளக்கு இல்லை, வேடமும் இல்லை, தோளில் ஒரு துண்டு மாறினால் முதலாளி தொழிலாளி ஆகிவிடுவார். சுற்றிலும் ஆள் நிற்பதால் நடிகன் யாருக்காவது முதுகைக் காட்டியே ஆக வேண்டும், அதனால் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பான். வங்காளத்து பாதல் சர்க்கார் 1980இல் சென்னைக்கு வந்து நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் பிறகு இந்த வகை நம்மூரில் வேகம் பிடித்தது, பிரளயன் போன்றவர்கள் தொடர்ந்து செய்தார்கள். வடக்கே சப்தர் ஹாஷ்மியை இப்படித் தொழிலாளர் பகுதியில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் 1989 ஜனவரி முதல் தேதி தாக்கினார்கள், மறுநாள் இறந்தார். அவர் மனைவி அடுத்த சில நாளில் அதே இடத்துக்குப் போய் அந்த நாடகத்தை நடத்தி முடித்தார்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன்.

மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரம் கணக்காகச் சொல்கிறது. உங்களுக்கு நடத்தியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள். கட்டைவிரல் அகலம் 24 சேர்ந்தது ஒரு கோல். அரங்கம் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், உயரம் ஒரே கோல். என் விரலை வைத்து அளந்தால் ஒரு கோல் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். அதாவது பேரரசன் சபையில் போட்ட மேடைகூட முழங்கால் உயரம்தான். (மேல் உத்தரம் 4 கோலில் இருக்கிறது. என் விரல் கணக்குப்படி கை தூக்கினால் தட்டும். அந்தக் காலத்து விரல் பெரிசு போலிருக்கிறது!) தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்றும் இளங்கோ சொல்கிறார். நாம் முன்பக்கம் இரண்டு தூணை நட்டு, அதற்குப் பின்னால் டியூப்லைட் போடப்போகிறோம்.

ஆகவே உயரத்தை ஒன்றரை அடியாகக் குறையுங்கள். மூன்று பக்கமும் திறந்து, சுற்றிலும் இரண்டு படி வையுங்கள். பிள்ளைகள் அதில் உட்காரலாம், நடிகனும் இறங்கி வரலாம். ஷட்டர் வேண்டாம். வேறொரு பள்ளியில் பார்த்திருக்கிறேன். பூட்டிய மேடைக்குள் ஒடிந்த பெஞ்சுகள் அடைந்து கிடந்தன, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. திறந்த திண்ணையாக இருந்தால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாலு பிள்ளைகள் ஏறி எதையாவது நடித்துப் பார்ப்பார்கள். ஆண்டு விழா வருடத்துக்கு ஒரு நாள்தானே.

திசையும் முக்கியம். கன்டெய்னர் லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டு நம்மால் ஜெயிக்க முடியாது. ஆனால் சாயங்காலம் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். மேடை கிழக்குச் சுவர் ஓரமாக, மேற்கு பார்த்து இருந்தால் காற்றே குரலைக் கொண்டுபோய்க் கொடுக்கும். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் கண்ணில் வெயில் அடிக்குமே என்பீர்கள். அடிக்கும். அதற்குத்தான் அந்த வேப்ப மரத்தை வெட்டாதீர்கள் என்கிறேன்.

மைக் மிச்சப்படும் என்று சொல்லவில்லை, ஆனால் குரலைப் பழக்குங்கள். காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வருவான், வகுப்பில் எல்லோரும் அவனை இரைச்சல் என்பார்கள். படகில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. கட்டியங்காரன் வேடம் கொடுத்தேன். கரண்ட் போன நேரத்தில் அவன் பேசியது மட்டும்தான் கேட் வரை கேட்டது. அவன் இப்போது இந்தக் குழுவில்தான் இருக்கிறான், வரைபடத்துக்குக் கைதட்டல் படம் போட்டிருக்கிறான்.

இன்ஜினியர் தம்பி, திருத்துவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் 6 மணிக்கு மைதானத்துக்கு வா. கிழக்குச் சுவர் ஓரம் நின்று நாலு வரி பேசு, பிறகு மேற்கே போய் நின்று பேசு. நான் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.