அண்ணாவின் விசைகள்

இடதா வலதா என்ற கேள்வி அரசியல்காரருக்கு மட்டும் உரியதல்ல. வியூக விளையாட்டு ஆடுகிறவர்களும் முப்பது வருடங்களாக அதைத் தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள். 1995இல் வந்த 'கொமாண்ட் அன்ட் கொன்கர்' விளையாட்டில் படையைத் தெரிவதும் இடது கிளிக், அதைப் போ என்று அனுப்புவதும் இடது கிளிக். வலது கிளிக் செய்தால் தெரிவு கலைந்துவிடும். அதே வருடம் வந்த 'வோர்கிராஃப்ட் 2' இல் தெரிவது இடது, அனுப்புவது வலது. 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்', 'ஸ்டார்கிராஃப்ட்' எல்லாம் பிறகு இந்த இரண்டாவது வழியிலேயே போயின. முதலாவதில் கை பழகியவர் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' முன்னால் உட்கார்ந்தால், எதிரியைக் கண்ட பதற்றத்தில் நிலத்தில் இடது கிளிக் செய்வார். தெரிவு கலையும். படை நின்ற இடத்திலேயே நிற்கும்.

"டேய், என்ரை ஆக்கள் நிண்டு வேடிக்கை பாக்கிறாங்களடா" என்று பாரிஸிலிருந்து அண்ணா கத்துவார். "ரைட் கிளிக், பெரியப்பா!" என்று ஹரோவில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து மகன் கத்துவான். ஞாயிறு இரவுகளில் நாங்கள் மூவரும் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' ஆடுவோம். 1999இல் வந்த விளையாட்டு. 2019இல் புதுக்கி வெளியிட்டார்கள். மகனுக்குத் தமிழ் கொஞ்சம், அண்ணாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம். இந்த இரண்டு கொஞ்சங்களும் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலம் பேசுவது வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

அண்ணாவின் இடக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. தொண்ணூறுகளில் ஷெல் விழுந்த ஒரு நாளில் போனவை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆனால் இந்த விளையாட்டுகளில் படையைக் குழுவாகக் கட்டுவதற்கு கொன்ரோல் விசையோடு ஓர் இலக்கத்தை அழுத்த வேண்டும். கொன்ரோல் இருப்பது இடதுபக்க மூலையில், சரியாகச் சுண்டுவிரலுக்குக் கீழே.

அதோடு அவரிடம் இருப்பது பிரெஞ்சு விசைப்பலகை. எங்களுடையதில் கியூ இருக்கும் இடத்தில் அங்கே ஏ. டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். மேல்வரிசையில் இலக்கம் அடிக்க ஷிஃப்ட் வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட் வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் குடியானவனைக் கண்டுபிடிக்கும் விசை இந்த விளையாட்டில் முற்றுப்புள்ளிதான்.

என் தொழிலில் இதை விளக்குவது சுலபம். விசையை அழுத்தும்போது அது எழுத்தை அனுப்புவதில்லை. தான் பலகையில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதை மட்டும் ஓர் எண்ணாக அனுப்புகிறது. அதை எழுத்தாக மாற்றுவது கணனியின் வேலை. விளையாட்டு இடத்தைக் கேட்டால் லண்டனிலும் பாரிஸிலும் விரல்கள் ஒரே இடத்துக்குப் போகும். எழுத்தைக் கேட்டால் குழம்பும். தமிழ் ரைப் செய்த தலைமுறைக்கு இது புதிதல்ல. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. தமிழ்99இல் எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். இரண்டிலும் பொதுவாக நிற்பது 'ம' ஒன்றுதான். 1999இல் சென்னையில் மாநாடு வைத்து, தமிழ்நாட்டு அரசு தமிழ்99ஐ நியமமாக அறிவித்தது. பாரிஸில் பாமினியோடு இருந்த அண்ணாவின் விரல்களுக்கு அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

அலுவலக மென்பொருட்களுக்கு ஐபிஎம் 1987இலேயே பொது விதிகள் எழுதியது. எஃப்1 உதவிக்கு என்பதெல்லாம் அந்தக் காலத்தில் நிலைத்ததுதான். விளையாட்டுக்கு அப்படி யாரும் எழுதவில்லை. 'ஸ்டார்கிராஃப்ட்டில்' எச் அழுத்தினால் படை அசையாமல் இடத்தைக் காக்கும்; 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில்' அதே எச் நகர மையத்துக்குக் கொண்டுபோகும். இரண்டும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை நம்புகிறவை. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு நினைவில் நிற்கும், மற்றவனுக்கு மனப்பாடம். 'ஸ்டார்கிராஃப்ட் 2' இல் உள்ள கிரிட் முறை எனக்குப் பிடிக்கும். திரையின் மூலையில் மூன்று வரிசையில் கட்டளைப் பொத்தான்கள்; விசைப்பலகையின் இடதுபக்க மூன்று வரிசைகள் அப்படியே அவற்றுக்கு ஒத்துப்போகும். சொல் தேவையில்லை, கண் பார்த்த இடத்துக்கு விரல் போகும்.

ஆனாலும் எல்லா விளையாட்டுக்கும் ஒரே விசைகள் என்று யாராவது நியமம் கொண்டுவந்தால் நான் எதிர்ப்பேன். அந்த நியமத்தை எழுதுகிறவருக்குப் பத்து விரல் இருக்கும். நியமமாக வேண்டியது வேறு: எந்த விசையையும் மாற்றலாம் என்ற உரிமை, மாற்றியதை ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் வசதி. முதலாவது இப்போது பல விளையாட்டுகளில் உண்டு. 2020இல் புதுக்கிய 'கொமாண்ட் அன்ட் கொன்கர்' கூட வலது கிளிக் வழியைத் தெரிவாகத் தருகிறது. இரண்டாவது எங்கேயும் ஒழுங்காக இல்லை. ஒவ்வொரு விளையாட்டிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணாவுக்கு அதை ஒருமுறை செய்தோம். பக்கத்தில் பொத்தான்கள் உள்ள மவுஸ் ஒன்று வாங்கி அனுப்பினேன். கொன்ரோல் சேரும் கட்டளைகளை அந்தப் பொத்தான்களுக்கு மாற்றினோம். மிச்சத்தை மகன் அவருடைய மூன்று விரல்கள் எட்டும் விசைகளுக்குள் அடக்கினான். இரண்டு ஞாயிறு போனது. எந்த விசைக்கு எது என்று பெரியப்பாவுக்காக ஒரு பட்டியல் எழுதினான், தமிழில். 'குதிரைலாயம்' என்பதைக் 'குதிரை வீடு' என்று எழுதியிருந்தான். அண்ணா திருத்தவில்லை. அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.

இப்போது மகனுக்கு இந்த விளையாட்டு அலுத்துவிட்டது. வேறொன்று வாங்குவோம் என்கிறான். விலை என்ன, எத்தனை பேர் ஆடலாம் என்று அண்ணா கேட்கவில்லை.

"முதல்ல செற்றிங்ஸை ஒருக்காப் பாத்துச் சொல்லடா. பிறகு காசைக் கட்டுவம்."