காளஹஸ்தியில் ஒரு மாடி

திருப்பதிக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பொன்முகலி என்னும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது காளஹஸ்தி. நம் முன்னோர் திருக்காளத்தி என்று வழங்கிய தலம் இதுவே. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய ஊர். கண்ணப்ப நாயனார் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய ஊர். கூடூரிலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப் பாதையில் இவ்வூர் நிலையம் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கிவிட்டது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே மாதம் 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அதே இடத்தில் புதுக் கோபுரம் எழும்பி, 2017இல் குடமுழுக்கும் நடந்தேறியது.

ஐம்பூதத் தலங்களுள் இது வாயுத் தலம் என்பதை அன்பர்கள் அறிவார்கள். எனினும் சில நாள் இங்குத் தங்கிப் பார்ப்பவனுக்கு, இவ்வூர் காற்றைக் காட்டிலும் வெயிலோடு நெருங்கிய உறவுடையது என்று தோன்றும். கிரகண காலத்தில் பிற கோயில்கள் நடை சாத்தப்படும். இராகு கேது வழிபாட்டுக்குப் பேர்பெற்ற இக்கோயிலோ அப்பொழுதும் திறந்தே இருக்கும். இங்குள்ள கலம்காரித் தொழிலும் வெயிலை நம்பியதே. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு மையால், மூங்கில் எழுதுகோல் கொண்டு சித்திரம் வரைகிறார்கள். ஒவ்வொரு வண்ணம் தீட்டிய பின்னும் அலசுதலும் உலர்த்துதலும் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும்.

என் அக்கா குடும்பத்தார் காஞ்சிபுரத்தை விட்டு இங்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அத்தானுக்கு ஜவுளி வியாபாரம். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நான் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்குச் செல்வதுண்டு. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் மாடியில் சூரிய மின்தகடுகள் ஏறின. அதனையொட்டி அக்குடும்பத்தில் எழுந்த வழக்கு நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆதலின் அதனை இங்கு எழுதுகிறேன்.

தகட்டின் தத்துவம் புதியதன்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் வெயிலை நேரே மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலத்தைச் செய்து காட்டினர். இன்று அது நம் வீட்டு மாடிக்கு வந்திருக்கிறது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய கர் திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்பு வைத்த வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. சித்தூர் மாவட்டத்துக் குப்பம் வட்டாரத்தில் நடிமூர் என்னும் சிற்றூரை முன்மாதிரியாகக் கொண்டு, வீடுதோறும் தகடு பொருத்தும் பணியை ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 2025 ஜனவரியில் தொடங்கிவைத்தார்.

அத்தான் கேட்ட விலை 1,95,000 ரூபாய். மானியம் போகக் கைப்பொறுப்பு 1,17,000. மாதம் சுமார் 1,800 ரூபாய் மின்கட்டணம் குறையுமாயின், ஐந்தரை ஆண்டுகளில் முதல் திரும்பும். தகடு 25 ஆண்டு உழைக்கும். கணக்கில் குற்றமில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் இருந்த பெரியப்பா ஒப்பவில்லை. "பிழைக்கப் போன ஊரில் பிழைப்பைத் தேடலாம், பணத்தைப் புதைக்கலாமா? அந்தத் தொகையில் பாட்டன் வீட்டு ஓட்டை மாற்றலாமே!" என்றார். அத்தானால் மறுமொழி கூற இயலவில்லை. அக்காதான் சொன்னாள்: "இன்னும் 25 ஆண்டு நாம் எங்கே இருக்கப்போகிறோம்? அதை முதலில் சொல்லுங்கள். பிறகு தகட்டைப் பற்றிப் பேசுவோம்."

19 ஆண்டுகளாக எவரும் வாய்விட்டுக் கேளாத கேள்வி அது. மகள் இவ்வூரில் பிறந்து இவ்வூர்ப் பள்ளியில் படிக்கிறாள். வீடு வாங்கியே 11 ஆண்டாயிற்று. ஆயினும் மின் இணைப்பு பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. 'என்றோ ஊர் திரும்புவோம்' என்ற எண்ணத்தில் அதனை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மானியம் பெற வேண்டுமானால் இணைப்பு தம் பெயரில் இருந்தாக வேண்டும். ஒரு மாதம் அலைந்து பெயர் மாற்றினார்கள். அத்தான் பெயர் அச்சாகி வந்த முதல் மின் சீட்டை அக்கா பூஜை அறையில் வைத்திருந்தாள்.

அடுத்த இடையூறு ஒரு தென்னை மரம். ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும், அதனோடு தொடராக இணைத்த ஏனைய தகடுகளின் விளைவும் குறையும். மேற்குப் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் பிற்பகலில் மாடியின் மேல் படிந்தது. அவ்வீட்டுத் தெலுங்கு மூதாட்டியிடம் மரத்தை வெட்டச் சொல்ல அக்கா உடன்படவில்லை. அம்மரத்தின் இளநீரைக் குடித்தே மகள் வளர்ந்தாள். செய்தியறிந்த மூதாட்டி தாமாகவே தாழ்ந்த மட்டைகளைக் கழித்துவிட்டார். இவர்கள் சட்டத்தைக் கிழக்கே நகர்த்தி, ஆள் நிற்குமளவு உயர்த்தி, தெற்கு நோக்கிச் சிறிதே சாய்த்து ஆறு தகடுகளைப் பொருத்தினார்கள். அதன் கீழ் நிழலில் துணி உலர்கிறது. வெளியே வடாம் காய்கிறது.

நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது. வீட்டுக்குப் போக மிஞ்சியது இருவழி மீட்டர் வழியாக மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். இரவில் அங்கிருந்து திரும்பப் பெறலாம். சித்திரை வெயிலில் விளைவு உச்சம் தொடும் என்று எண்ணுவோம், அது சரியன்று. தகட்டுக்கு வேண்டியது ஒளியே; சூடு ஏற ஏற மின்சாரம் சற்றுக் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3 யூனிட் கிடைப்பதும் அரிது. புழுதியை விடியற்காலையில் கழுவ வேண்டும்; உச்சி வேளையில் கொதிக்கும் கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது.

வந்தவர்கள் எல்லாரும் வியப்பது ஒன்று உண்டு. மின்கலத் தொகுதி இல்லாத இவ்வமைப்பில், ஊரில் மின்சாரம் நின்றால் பட்டப்பகலிலும் வீட்டு விசிறி நின்றுவிடும். இது பழுதன்று. கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியை நம் மாடி மின்சாரம் தாக்காதிருக்க இன்வெர்ட்டர் தானே அடங்குகிறது. தண்டவாளத்தில் ஆட்கள் வேலை செய்கையில் அவ்வழியே வண்டி விடாமல் நிறுத்தும் எங்கள் ரயில்வே முறையை ஒத்தது இது.

நம் அன்பர்கள் கருதத் தக்கவை சில. வாடகை வீட்டில் இருப்போர்க்கு இத்திட்டம் பயன்படாது. மாடி சொந்தமாக இருத்தல் வேண்டும். பூட்டிக் கிடக்கும் சொந்த ஊர் வீட்டில் தகடு வைக்க விரும்புவோர், புழுதி துடைக்கவும் நிழல் பார்க்கவும் அங்கு ஆள் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்க. மின் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள்.

காஞ்சிபுரத்து வீட்டின் ஓடு இன்னும் மாற்றப்படவில்லை. அக்குறை அத்தானுக்கு உண்டு; பெரியப்பாவுக்கும் உண்டு. இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் கூரை போட எளிய குடும்பத்தால் ஆகாது. எந்தக் கூரை முதலில் என்பதை வெளியூர் சென்று வாழும் ஒவ்வொரு வீட்டாரும் என்றேனும் ஒரு நாள் கூடிப் பேசித்தான் தீர வேண்டும். காளஹஸ்தியில் அந்தப் பேச்சுக்கு ஆறு தகடுகள் காரணமாயின.