தோல் பார்க்கத் தெரிந்தவள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பேருக்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி, "ஷாப்பா, கம்பெனியா?" என்பதுதான். ஷாப் என்றால் தோல் ஷாப். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, பதம் போடுகிற இடம். கம்பெனி என்றால் ஷூ கம்பெனி. பதமான தோலை வெட்டித் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். பதில் வந்ததுமே கேட்டவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். என்ன சாதி, எவ்வளவு படிப்பு, இந்தப் பெண்ணுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வருவான், இவர் பிள்ளை எதுவரை போவான் எல்லாம் அந்தக் கணக்கிலேயே முடிந்துவிடும். ஷாப் என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் முடியும்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அப்பா ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோடு காலம் கழித்தவர். நான் பன்னிரண்டாவது முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு முடிவாகக்கூட நினைப்பதில்லை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். கிணற்றில் இருந்த தண்ணீரும் தோல் கழிவால் உப்பாகிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரிய தீர்ப்புதான். கெட்டுப்போன நிலம் மட்டும் அதனால் மறுபடி விளைந்துவிடவில்லை. களை எடுக்கப் போன அம்மாக்களின் பெண்கள் தையல் மெஷினுக்கு வந்தோம்.

அந்த மெஷின் இங்கே வந்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு அரைப்பதமாக்கிய தோலைக் கப்பலேற்றுவதோடு எங்கள் ஊர்களின் வேலை முடிந்தது என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்தது. அந்தத் தோலை மெருகேற்றுவதும் ஷூவாக்குவதும் ஐரோப்பாவின் வேலை. மத்திய அரசு அமைத்த சீதாராமையா கமிட்டி 1972-ல் அறிக்கை கொடுத்தது; அடுத்த வருஷம் பச்சைத் தோலுக்கும் அரைப்பதத் தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. அதன்பிறகுதான் முழுப்பதத் தோல், அப்பர் என்கிற மேல்பாகம், முழு ஷூ என்று இந்த ஊர்கள் ஒவ்வொரு படியாக ஏறின. இவ்வளவுதான் இவர்களால் ஆகும் என்று ஒரு வட்டாரத்துக்கே எழுதிவைத்திருந்ததை ஒரு தலைமுறைக்குள் மாற்றி எழுதினார்கள். என் அப்பாவின் முதலாளிகளும் அப்பாவைப் போன்ற தொழிலாளிகளும் சேர்ந்து செய்த வேலை அது. பாதிப் பேருக்கு இன்றைக்கும் உரிய மரியாதை இல்லை.

கம்பெனிக்குள் நுழைந்தால் அங்கேயும் கோடு போட்டிருக்கும். தோலை வெட்டும் கட்டிங் பிரிவு ஆண்களுக்கு. ஓரம் சீவுவது, மடித்து ஒட்டுவது, தைப்பது எல்லாம் பெண்களுக்கு. சில இடங்களில் இது இப்போது மாறியிருக்கிறது. நான் சேர்ந்தபோது மாறவில்லை. கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள். தோல் வெட்டும் பிரஸ் கனமானது, கை நசுங்கிவிடும் என்பது ஒன்று. சம்பளம் கூடுதல், அது குடும்பத் தலைவனுக்கு என்பது இன்னொன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் உறுதியாகச் சொல்வார்கள்: "பொம்பளைக்குத் தோல் பாக்கத் தெரியாது."

தோல் பார்ப்பது என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். துணி என்றால் மடித்து அடுக்கி ஒரே வெட்டில் வெட்டலாம். தோல் அப்படி இல்லை. ஒவ்வொரு தோலும் ஒரு தனி மிருகத்தின் வாழ்க்கை. முதுகுப் பக்கம் கெட்டியாக, நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். முள் கீறியது, உண்ணி கடித்தது, கொம்பு குத்தியது எல்லாம் வடுவாக நிற்கும். ஷூவின் முன்பாகத்துக்கு நல்ல இடத்தை எடுக்க வேண்டும், கண்ணில் படாத உள்பக்கத் துண்டுகளுக்குச் சுமாரான இடத்தை விட வேண்டும். இழுபடும் திசை தப்பினால் ஷூ நாலு மாதத்தில் வாயைப் பிளக்கும். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறமும் மணியும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையையும் பார்த்து, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் விரற்கடைகூட வீணாகாமல் அச்சை வைக்க வேண்டும். தோலைக் கையால் இழுத்துப் பார்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் இது வரும். புத்தகத்தில் வராது.

இதில் எது பெண்ணுக்கு வராது? வருஷக்கணக்காக அதே தோலைத் தைத்தவள் நான். எந்தத் துண்டு ஊசிக்கு அடியில் இழுபடும், எது மடியும், எது வெடிக்கும் என்று தொட்டவுடனே தெரியும். ஆனாலும் கட்டிங் வேலை கேட்க வாய் வரவில்லை. "தெரியாது" என்று மற்றவர்கள் சொன்னது எப்போது எனக்குள் "எனக்குத் தெரியாது" ஆனது என்று யோசித்தால் நாள் சொல்ல முடியாது. அது வெளியிலிருந்து வந்த பேச்சு என்பதே மறந்துபோய், சொந்த அறிவு மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் அதில் மோசமானது.

அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து, அடியில் புண் வந்து, காட்பாடியைத் தாண்டி இருக்கும் கரிகிரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே எம்.சி.ஆர். செருப்புப் போடச் சொன்னார்கள். அம்மா வீட்டுக்கு வந்து அதை வாசலுக்கு வெளியிலேயே விட்டார். "அது அந்த வியாதிக்காரங்க செருப்பு. அத்தப் போட்டுக்கினு நான் தெருவுல எப்பிடி நடக்கறது? ஊரு இன்னா பேசும்?" என்றார். ஊர் என்ன பேசும் என்பதில் அம்மா சொன்னது தப்பில்லை. தொழுநோயாளிகளுக்காகப் பரவலான செருப்பு அது. காலைக் காப்பாற்றிய அதே செருப்பு, காலில் இருப்பவரை ஊருக்குக் காட்டியும் கொடுத்தது.

செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஷூ கம்பெனிக்காரியின் கண்ணால்தான் பார்த்தேன். அடியில் சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த ரப்பர். மெத்தென்று அழுந்தும், ஆனால் ஒரேயடியாக நசுங்கிப் போகாது. பாரம் பாதம் முழுக்கப் பரவும். ஓர் ஆணிகூட இல்லை. ஆணி வெளியே வந்து குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாதே. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், விரல்களால் செருப்பைப் பிடிக்க முடியாதவர்களுக்காக. இதை யோசித்தவர் பாதத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கிறார். யார் என்று விசாரித்துப் போனதில்தான் பால் பிராண்ட் என்ற பெயர் கிடைத்தது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். மிஷனரி பெற்றோரின் மகன். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு அருகே திருமணி தொழுநோய் இல்லத்தில், மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும் என்றுதான் ஊர் நம்பியது. மருத்துவர்களிலும் பலர் அப்படியே நம்பினார்கள். கையைச் சரிசெய்ய முடியும் என்று நினைத்த எலும்பு மருத்துவர் அப்போது அரிது. பிராண்ட் தொட்டுப் பார்த்தார். மடங்கிய விரல்களோடு ஒரு நோயாளி அவர் கையைப் பற்றியபோது பிடி இரும்பாக இருந்தது. அப்படியென்றால் முன்கைத் தசை சாகவில்லை. நோய் நரம்பைத்தான் தாக்குகிறது. நரம்பு செத்த விரல் மடங்குகிறது, வலி தெரியாத விரல் சூட்டிலும் வெட்டிலும் அடிபட்டு, புண்ணாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ராத்திரியில் விரல் காணாமல் போனவர்களைக் கவனித்தபோது, தூக்கத்தில் எலி கடித்தது தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். ஓய்வு கொடுத்தால் அந்தப் புண்களும் மற்றவர்கள் புண் போலவே ஆறின. நன்றாக இருந்த தசைநாரை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அம்மாவை அழைத்துப் போன அந்தக் கரிகிரி, தொழுநோய் ஆராய்ச்சி மையமாக 1955-ல் தொடங்கியது.

சதை அழுகி விரல் உதிரும் என்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாக, தொட்டுப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்து, நோய் முழுதாகக் குணமாகும் என்று ஆன பிறகும், அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இடம் தந்த சட்டப்பிரிவுகளை நம் நாடாளுமன்றம் 2019-ல்தான் நீக்கியது.

பிராண்ட் கதையில் என்னை ரொம்ப நாள் யோசிக்கவைத்தது இன்னொரு இடம். கை நிமிர்ந்த ஒருவர் அவரிடமே வந்து குறைப்பட்டுக்கொண்டார். இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை, ஆனால் தொழுநோய் வந்தவன் என்று யாரும் வேலையும் கொடுப்பதில்லை என்று. விரலை நிமிர்த்தியது போதவில்லை. அந்த விரலுக்கு வேலை வேண்டும். அதனால் சி.எம்.சி. வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் என்று ஒன்று வைத்து, தச்சுவேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் மேடையேறுகிறவர்கள் இந்த இடத்தைச் சொல்வதே இல்லை. நீ நினைத்தால் முடியும் என்பார்கள். நினைத்த பிறகு எந்த மேஜையில் போய் உட்காருவது என்று சொல்ல மாட்டார்கள்.

மேஜை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேரி வர்கீஸ் போதும். கொச்சிப் பக்கம் 1925-ல் பிறந்து, சி.எம்.சி.யில் படித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு வெளியே போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நடக்க முடியாத மருத்துவருக்கு அந்தக் காலத்தில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிராண்ட் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்: கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். வலி தெரியாத கால்களோடு இருந்த மருத்துவர், வலி தெரியாத கைகளோடு வந்தவர்களுக்குச் செய்தார். அவர்கள் அவரிடம் என்ன பார்த்திருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது. பிறகு நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். உள்நோயாளிகளாகத் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வேலூர் பாகாயத்தில் வந்தது. நாட்டிலேயே அந்த மாதிரியில் முதலாவது. 1972-ல் பத்மஸ்ரீ.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை, நமக்கென்ன என்று பக்கத்து மெஷின் அக்கா கேட்டார். எனக்கு நாற்காலிதான் கண்ணில் நின்றது. அதை அறுவை மேஜைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் விட ஒருவர் இருந்தார். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். கட்டிங் பிரிவில் வயதான பாய். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வாயைத் திறந்து கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கழித்துப் போட்ட ஒரு தோலை மேஜையில் விரித்து, "இதுல நல்ல எடம் எதும்மா, காட்டு" என்றார். நான் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். கடைசியில், "பன்னண்டு வருஷமா இத்த யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தியா?" என்றார். பிறகு சாப்பாட்டு வேளைகளில் சொல்லிக்கொடுத்தார். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் தலை இறங்கும் என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். கை நசுங்கும் என்று சொன்னவர்கள் பழைய பிரஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆம்பூரில் துண்டுத் தோல் எடை போட்டு விற்கும் கடையில் மெல்லிய ஆட்டுத் தோல் வாங்கி, அம்மாவின் செருப்புக்கு மேல்பாகம் வெட்டினேன். அடி அதே எம்.சி.ஆர்., வார் பின்பக்கம் அப்படியே, ஆணி இல்லை. பார்க்க மட்டும் பஜாரில் வாங்கிய செருப்பு மாதிரி இருந்தது. கரிகிரியில் காட்டி, அளவு சரி என்று கேட்டுக்கொண்ட பிறகே போடக் கொடுத்தேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார். ஊரின் எண்ணம் மாறியதா என்றால் இல்லை, அம்மாவின் புண் ஆறியது. ஊர் மாறும்வரை கால் காத்திருக்க முடியாது.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறேன். சாதியைக் கேட்கிற கண்கள் அப்படியே இருக்கின்றன. ஷாப்பா கம்பெனியா என்பதும் இருக்கிறது. ஒருத்தி தோல் பார்த்துவிட்டதால் அவையெல்லாம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேறு போராட்டம் வேண்டும். ஆனால் கட்டிங் மேஜை எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. சூப்பர்வைசர்களுக்கும் கட்டிங் மாஸ்டர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டால், தெரியுமா என்று அவளிடம் கேட்காதீர்கள். கழிவில் ஒரு தோலை எடுத்து மேஜையில் விரித்து, நல்ல இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.