வால்வினுள் எழும் கொந்தளிப்பு

கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் கற்ற நீரோட்டம் ஒழுங்கானது. தொழிற்சாலைகளில் என் வாழ்நாள் ஒழுங்கற்ற ஓட்டத்தோடு கழிந்தது.

1883ஆம் ஆண்டில், மான்செஸ்டரில் ஒஸ்போர்ண் இரெனோல்ட்ஸ் என்னும் அறிஞர் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் மெல்லிய சாயக்கோடொன்றைச் செலுத்தினார். வேகம் ஓரெல்லையைக் கடந்ததும் அக்கோடு கலைந்து சுழல்களாயிற்று. பாதி திறந்த வால்வினுள் இக்கொந்தளிப்பு மிகக் கடியது. ஒடுங்கிய வழியில் நீர் விரைய, அமுக்கம் வீழ்கின்றது. அது ஆவியமுக்கத்துக்குக் கீழே இறங்கின் குமிழிகள் தோன்றுகின்றன. அப்பால் அமுக்கம் மீளும்போது அவை திடீரென நசிந்து, உருக்கையும் அரித்துக் குழியாக்குகின்றன.

இதனை முன்னறியவே கணனியை நாடுகின்றோம். தொழிற்சாலை வால்வொன்றின் சுழல்கள் அனைத்தையும் கணித்தல் எளிதன்று. ஆதலின், இரெனோல்ட்ஸ் 1895இல் காட்டிய வழியே சராசரி ஓட்டத்தைக் கணித்து, சுழல்களின் விளைவை மாதிரிச் சமன்பாடுகளிடம் ஒப்புவிக்கின்றோம். 1970களில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான மாதிரி இன்றும் பயன்படுகின்றது.

கிடைக்கும் படம் அழகியதே. ஆயினும், சராசரி அமுக்கம் போதியதாயிருக்கையிலும் ஒரு சுழலின் நடுவே அது கணப்பொழுது தாழ்ந்து குமிழியை உண்டாக்கலாம். குழாயை அதிரச் செய்வதும் இவ்வேற்றத்தாழ்வே. அக்குழாயின் அருகில் தொழிலாளர் நிற்கின்றனர். எனவே, கணிப்பு நன்றெனக் காட்டினும், வால்வில் நீரோட்டிப் பரிசோதித்து, அதன் ஓசையைக் கேட்டபின்னரே கையொப்பமிடுவது என் வழக்கம்.

இன்று நம் கல்லூரியில் பயிலும் தம்பிமார் இன்னும் வலிய கணனிகளைக் கையாள்வர். விடையைப் பெற்றதும், அது எதனை விட்டுவிட்டதென்றும் அவர்கள் வினவுவாராக.