மறுகாலுக்கு ஒரு குழாய்

கடல்நீர் மீன்தொட்டி அமைக்க விரும்புவோர் முதலில் மீன்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். அடுத்து விளக்குகளைப் பற்றி. மிகுநீர் எவ்வழியே வெளியேறும் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி அதுவே. துளைகளைத் தொட்டி ஒட்டப்படும் முன்பே திட்டமிட வேண்டும். பதப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் பின்னர் துளையிடவே முடியாது.

கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் சாலையை ஒட்டிய பழைய வீடொன்றில், இந்தக் கேள்வி இரண்டு வாரங்களுக்கு மேல் விவாதிக்கப்பட்டது. வீட்டுக்காரர் எழுபதைக் கடந்த வணிகர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நிலைத்த குடும்பம். தொட்டியை வடிவமைத்தவர் அவருடைய தம்பி மகள், கடல் உயிரியல் ஆய்வு மாணவி. ஆறு அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஏறக்குறைய 1,060 லிட்டர் கொள்ளளவு. நீர் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் என்பதால் மரத்தளம் கொண்ட மாடி விலக்கப்பட்டு, தரைத்தளத்து முன்னறை தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த அறைக்குப் பின்னால், ஒரு படி தாழ்வாக, ஒரு கிடங்கு. அது இன்னொரு வணிகருக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. அதில் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

விவாதத்தின் மையம் உண்மையில் அந்த மூட்டைகளே. தொட்டி வழிந்தால் மீன் வளர்ப்பவருக்கு ஒரு துடைப்பத்தின் வேலை. கிடங்குக்காரருக்கோ ஒரு பருவத்தின் சரக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நல்ல நீரில் நனைந்த சாக்கை உலர்த்திவிடலாம். உப்புநீரில் நனைந்த சாக்கு, உலர்ந்தது போலத் தோன்றினாலும், மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் மீண்டும் இழுத்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கு அது போதும்.

தொட்டிக்கு வேண்டிய நீரும் உயிரும் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில அடிகள் தள்ளிக் காயல் கிடந்தாலும் அந்த நீர் பயன்படாது. கோடையில் கடலை நெருங்கும் அதன் உவர்ப்பு, தென்மேற்குப் பருவமழையில் மேற்பரப்பில் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடுகிறது. ஆகவே கலவை உப்பைக் கரைத்தே நீர் தயாரிக்கப்பட்டது. பவளங்கள் கிடையாது, பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. குஞ்சுபொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்கள் மட்டும் வளர்ப்பது என்று முடிவாயிற்று.

இனி நீரின் வழி. பெரிய கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு கீழ்த்தொட்டி இருக்கும். வீடுகளில் சம்ப் என்று சொல்வதைப் போன்றதுதான். மேலே தொட்டியின் விளிம்பில் ஒரு தடுப்பு. அதன் மீது வழியும் நீர் குழாய்வழியே கீழே இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்பு மூலம் மேலே திரும்பும். மணிக்கு 5,000 லிட்டர் சுற்றுவதாகத் திட்டமிடப்பட்டது. அந்த நீர் 60 செ.மீ. நீளத் தடுப்பின் மீது வழிந்தால் படலத்தின் தடிமன் சுமார் 1.2 செ.மீ.; தடுப்பு 30 செ.மீ. மட்டுமே என்றால் 1.8 செ.மீ.க்கு மேல். படலம் மெலிதாக இருந்தால்தான் நீரின் மேல் படியும் எண்ணெய்ப்பசை முழுவதும் வழித்தெடுக்கப்படும். காற்றும் நீரும் தடையின்றிக் கலக்கும். மீன் தப்பாதிருக்கச் சீப்புப் பற்கள் வைத்தால் பயன்படும் நீளம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே தடுப்பு நீளமாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை.

வேறுபாடு குழாய்களில் தொடங்கியது. தொட்டியைத் துளையிடாமல், விளிம்பில் தொங்கவிட்டு வளைகுழாயால் நீரை இழுக்கும் பெட்டி ஒன்று உண்டு. வளைவின் உச்சியில் காற்றுக்குமிழிகள் சேர்ந்தால் இழுவை அறுந்துவிடும்; பம்போ தெரியாமல் நீரை ஏற்றிக்கொண்டேயிருக்கும். அது முதல் நாளே தள்ளப்பட்டது. மற்ற மூன்று முறைகளும் துளையிட்ட தொட்டிக்கானவை. அவற்றை உருவாக்கியவர்களின் பெயராலோ புனைபெயராலோ உலகெங்கும் அறியப்படுபவை. டுர்சோ முறையில் ஒரே குழாய். காற்றும் நீரும் சேர்ந்து இறங்கும். ஹெர்பி முறையில் இரண்டு: ஒன்று காற்றில்லாமல் முழுக்க நிரம்பி ஓடும் சைஃபன், மற்றது அவசரத்துக்கு. பீன் அனிமல் முறையில் மூன்று: சைஃபன், பாதி நிரம்பி ஓடும் திறந்த குழாய், எப்போதும் வறண்டிருக்கும் அவசரக் குழாய்.

முழுக்க நிரம்பிய குழாய் ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது என்பதைப் பள்ளிக் கணக்கே விளக்கும். நீரின் வேகம் அதைத் தள்ளும் உயரத்தின் இருமடிமூலத்தைப் பொறுத்தது. திறந்த குழாயின் வாயில் நீரைத் தள்ளுவது அதன் மேல் நிற்கும் ஓரிரு சென்டிமீட்டர் நீர் மட்டுமே. காற்றில்லாமல் நிரம்பிய குழாயிலோ கீழ்த்தொட்டி வரையிலான முழு வீழ்ச்சியும் இழுக்கிறது. 2 செ.மீ.க்கும் 75 செ.மீ.க்கும் உள்ள வேறுபாடு, உராய்வை விட்டுப் பார்த்தால், வேகத்தில் ஆறு மடங்கு. காற்று கலக்காததால் ஓசையும் இல்லை. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு: பம்பு ஏற்றும் அளவுக்குச் சரியாக இறங்கும்படி கேட் வால்வால் குழாயைக் குறுக்க வேண்டும். குறுக்கிய இடத்தில் ஒரு நத்தையோ பாசித் துணுக்கோ சிக்கினால் போதும்.

சிக்கினால் என்ன நேரும்? தொட்டியின் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயர்வுக்கு 14 லிட்டர். நீர்மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர், அதாவது 56 லிட்டர். பம்பு நிமிடத்துக்கு 83 லிட்டர் ஏற்றுகிறது. ஆக நாற்பது நொடிகள். கீழ்த்தொட்டியின் பம்பு அறையில் 100 லிட்டர் இருந்தால், மிச்சம் 44 லிட்டர் தரையில்; அதில் ஒன்றரைக் கிலோ உப்பு. பம்பு அறையைச் சிறிதாக்கினால் இழப்பு குறையும். ஆனால் அன்றாட ஆவியாதலிலேயே மட்டம் இறங்கிப் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். அதைத் தவிர்க்கத் தானாக நீர் நிரப்பும் மிதவை வைத்தால், வெள்ள நேரத்தில் அதுவே வெள்ளத்துக்கு நீர் ஊட்டும்.

பெரியவருக்கு இரண்டு குழாய்களே போதும் என்று பட்டது. மூன்றாவது குழாய் என்றால் இன்னொரு துளை, இன்னொரு டேங்க் நிப்பிள், பின்புறப் பெட்டியில் இன்னும் இடம். வணிகரின் கேள்வி நேரடியாக வந்தது: “தண்ணியே போகாத குழாய்க்கு எதுக்கும்மா காசு?”

“அது ஓடாம இருக்கிற வரைக்கும்தான் பெரியப்பா நமக்கு நல்லது.”

இந்தப் பதில் அவரை அசைக்கவில்லை. மாணவி எடுத்துக்காட்டியது கொச்சியின் மின்தடையை. மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதும் இங்கு விபத்தல்ல, அன்றாடம். மின்சாரம் நின்றால் தடுப்புக்கு மேலே நின்ற நீர் கீழே இறங்கும். திரும்பு குழாயின் வாய் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அதன் வழியே மேலும் 140 லிட்டர் பின்னோக்கி வடியும். இதற்கென நீர்மட்டத்தை ஒட்டி அக்குழாயில் சிறு துளையிட வேண்டும். கீழ்த்தொட்டியிலும் வெற்றிடம் விட வேண்டும். மின்சாரம் திரும்பும் கணம் இன்னும் கடினம். அப்போது சைஃபன் குழாயில் காற்று நிறைந்திருக்கும்; அது வெளியேறும் வரை குழாய் தன் முழு அளவை இறக்காது. அந்த இடைவெளியைத் தாங்குவது அடுத்த குழாய். இரண்டே குழாய்கள் என்றால் அவசரக் குழாய் ஒவ்வொரு மின்தடைக்கும் வேலை செய்யும்; அன்றாடம் வேலை செய்யும் குழாயில் அன்றாடம் பாசியும் படியும். உண்மையான அவசரத்துக்கு எதுவும் மிஞ்சாது.

“உங்க ஊர்க் குளத்துக்கு மறுகால் எதுக்குப் பெரியப்பா வெட்டுனாங்க?” என்று அவள் கேட்டபோதுதான் பேச்சு திரும்பியது.

தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பாசனத்துக்கு மதகு, மிகுநீருக்குக் கலிங்கு. தென் மாவட்டங்களில் மிகுநீர் செல்லும் வழியை மறுகால் என்பார்கள். கலிங்கின் மேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். மழை ஓயும் காலத்தில் அவற்றின் இடைவெளிகளைப் பலகையாலும் மண்ணாலும் அடைத்து இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குவார்கள். வெள்ளம் வருமுன் அந்த அடைப்பை அகற்றியாக வேண்டும். அகற்றாவிட்டால் நீர் கரையின் மேல் ஏறும். மண்கரை ஒருமுறை வழிந்தால் அரித்து உடைந்துபோகும். ஒரு சாண் நீர் கூடுதலாகக் கிடைப்பவர்கள் ஒரு பக்கம், கரை உடைந்தால் மூழ்குபவர்கள் இன்னொரு பக்கம். இந்த முடிவைத் தனியொருவரிடம் விடலாகாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். முதலாம் பராந்தகனின் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்று தனி வாரியத்தையே குறிப்பிடுகின்றன. சைஃபனைக் குறுக்கும் கேட் வால்வு, கலிங்கின் கற்களுக்கிடையே வைத்த பலகைதான். அமைதி வேண்டுபவர் அதை இறுக்குகிறார். அடுத்த அறையில் இருப்பவர் அதன் விளைவைச் சுமக்கிறார்.

வழிவின் பெயரளவுத் திறனை நம்பக் கூடாது என்பதற்குக் கேரளத்திலேயே பெரிய பாடம் உண்டு. பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளின் வெள்ளத்தைக் குட்டநாட்டிலிருந்து நேரே கடலுக்குத் திருப்ப, ஆலப்புழைக்குத் தெற்கே தோட்டப்பள்ளியில் 1955-இல் 40 மதகுகள் கொண்ட மிகுநீர்ப் போக்கி கட்டப்பட்டது. திட்டமிட்ட அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே அதனால் வெளியேற்ற முடிந்தது. மதகுகள் போதாமல் அல்ல. அவற்றுக்கு நீரைக் கொண்டுவரும் கால்வாய் போதிய அகலமில்லை, கடல்முகத்தில் மணல்திட்டும் சேர்கிறது. மீன்தொட்டியிலும் இதே கணக்குதான். ஒன்றரை அங்குலக் குழாய் வாங்கிவிட்டு, அதைக் குறுகிய டேங்க் நிப்பிளில் பொருத்தி, நான்கு எல்போக்கள் திருப்பி, முனையைக் கீழ்த்தொட்டி நீருக்குள் ஆழமாக அமிழ்த்தினால், குழாயின் மேல் அச்சிட்ட அளவுக்குப் பொருளில்லை. முனை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்ந்தால் சைஃபன் தன் காற்றைத் தள்ளவும் தடுமாறும்.

முடிவில் மூன்று குழாய்களே பொருத்தப்பட்டன. நீரின் பெரும்பகுதி சைஃபனில். சிறு ஒழுக்கு மட்டும் திறந்த குழாயில். அதன் உச்சியிலிருந்து வரும் மெல்லிய காற்றுக்குழலின் முனை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. நீர் உயர்ந்து அம்முனையை மூடினால் காற்று நின்று, அதுவும் சைஃபனாகிவிடும். மூன்றாவது குழாயின் வாய் அதற்கும் மேலே. அதில் வால்வும் இல்லை, வலையும் இல்லை.

மீன்களை விடுமுன் சோதனை நடந்தது. பம்பு ஓடும்போதே மாணவி சைஃபன் வால்வை முழுக்க மூடினாள். நீர் உயர்ந்தது, திறந்த குழாய் சற்றுக் குமுறிப் பின் சைஃபனாக மாறி நிலைத்தது. அதன் வாயையும் ஒரு துணிப்பந்தால் அடைத்தாள். நீர் மேலும் உயர்ந்து மூன்றாவது குழாயில் விழுந்தபோது எழுந்த ஓசை கிடங்குச் சுவரைக் கடந்து கேட்டது. விளிம்புக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் மிச்சமிருந்தது. ஓசையைக் குறைக்க அந்தக் குழாய்க்கு மூடி போடலாமா என்று பெரியவர் கேட்டார். பிறகு தாமே வேண்டாம் என்றார். மற்ற இரண்டு குழாய்களும் அடைத்துவிட்டன என்று சொல்ல அந்த ஓசையைத் தவிர வேறு ஆள் இல்லை.

அன்று மாலை அவர் கிடங்குக்காரரை அழைத்து, மீண்டும் ஒருமுறை நீரை விழவைத்து, அந்த ஓசையைக் கேட்கச் செய்தார். எந்த நேரத்தில் கேட்டாலும் கதவைத் தட்டச் சொன்னார். பம்பின் மின்பொத்தான் எங்கிருக்கிறது என்பதையும் காட்டினார். கீழ்வரிசை மூட்டைகள் அந்த வாரமே மரப்பலகைகளின் மேல் ஏற்றப்பட்டன; பலகைகளுக்கான செலவை வீட்டுக்காரரே ஏற்றுக்கொண்டார்.